‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பவருக்கு மாத்திரை எதற்கு?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரருக்கு 47 வயது. தறிப்பட்டறையில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். போன மாதம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வேலை பார்க்கிற பெண் எங்கள் தெருவுக்கு வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். இவருக்கு 160/100. விரலில் குத்திப் பார்த்ததில் சுகர் 232. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். ‘எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது, நல்லாத்தானே இருக்கேன்’ என்று இவர் போகவே மாட்டேன் என்கிறார். படுத்தால் மூன்று நான்கு முறை எழுந்து ஒண்ணுக்குப் போகிறார். கேட்டால் டீ நிறையக் குடிப்பதால்தான் என்கிறார். என் மாமியார் பத்து வருஷம் சுகர் மாத்திரை சாப்பிட்டார். மூட்டுவலிக்கும் மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொள்வார். கடைசியில் கிட்னி போய், டயாலிசிஸில் இருந்து இறந்துவிட்டார். சுகர் மாத்திரைதான் அம்மாவைக் கொன்றது என்பது இவர் பேச்சு. எங்கள் தெருவில் மட்டும் பன்னிரண்டு பேருக்கு பிரஷர், சுகர் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இப்படி யாருக்கும் இல்லையே? எல்லோரையும் நோயாளி ஆக்குகிறார்களா?

— வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். உங்கள் வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்துவது அம்மாவின் சாவு. அதைப் பேசாமல் வேறு எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருடக்கணக்கில் ஏறியே இருந்தால், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் மெல்லப் பழுதாகும். முதலில் சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கும். அப்போது வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சோர்வுகூடத் தெரியாது. கால் வீங்கி, பசி செத்து, வாந்தி வந்து டாக்டரிடம் போகும்போது பெரும்பகுதி போயிருக்கும். டயாலிசிஸ் வரை போகிறவர்களில் பெருந்தொகையினர் இந்த இரண்டு நோய்களால்தான் அங்கே வருகிறார்கள். உங்கள் மாமியார் பத்து வருஷம் மாத்திரை சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து வருஷமும் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததா என்று எழுதவில்லை. அனேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே சீட்டைக் காட்டி ஒரே மாத்திரையை வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மாத்திரை உள்ளே போகும், சர்க்கரை 280-லேயே நிற்கும்.

இன்னொன்றைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தினமும் மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரைகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போட்டுக்கொண்டால் சிறுநீரகம் அடிவாங்கலாம். ஏற்கெனவே சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு இன்னும் வேகமாக. இறந்துபோன ஒருவருக்கு எது எவ்வளவு கெடுதல் செய்தது என்று கடிதத்தை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் குற்றவாளியைத் தேடுவதென்றால் சந்தேகப் பட்டியலில், சுகருக்குப் பொதுவாகக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையை நான் கடைசியில்தான் வைப்பேன்.

மெட்ஃபார்மின்மேல் இந்தப் பழி ஏன் விழுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. எனவே சிறுநீரகம் ஒரு அளவுக்குமேல் பழுதான பிறகு டாக்டர் அதன் அளவைக் குறைப்பார், பிறகு நிறுத்துவார். வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பது என்ன? ‘கிட்னி போச்சுன்னதும் முதல் வேலையா அந்த மாத்திரையைத்தான் நிறுத்தினாங்க’ என்பதைத்தான். அதிலிருந்து மாத்திரையால்தான் போனது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பிரஷருக்குக் கொடுக்கிற எனலாபிரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்றவை, சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற மாத்திரைகள். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அம்மாவுக்கு நேர்ந்தது தனக்கு நேரக் கூடாது என்று நினைக்கிறார் இல்லையா? அதற்குத்தான் மாத்திரை.

இனி அவருடைய எண்கள். ஒரே ஒரு முறை பார்த்த 160/100-ஐ வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாதுதான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, டீ குடித்து, பீடியும் பிடித்து, தெருவில் நாலு பேர் நடுவில் நின்றபடி பார்த்தால் யாருக்கும் பத்துப் புள்ளி கூடத்தான் காட்டும். சரியாகப் பார்ப்பதென்றால் அதற்கு முன் அரை மணி நேரம் டீயும் பீடியும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டாமல் கழற்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, இரண்டு முறை பார்க்க வேண்டும். வேறொரு நாளும் பார்க்க வேண்டும். அப்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரத்த அழுத்தம் உண்டு. 160 காட்டியவருக்கு இது 130-க்கு வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

சர்க்கரை விஷயத்தில் எனக்குச் சந்தேகமே குறைவு. எந்த நேரத்தில் குத்திப் பார்த்தாலும் 200-ஐத் தாண்டக் கூடாது, இவருக்கு 232, கூடவே படுத்தால் மூன்று நான்கு முறை ஒண்ணுக்கு. டீ குடித்ததால் சிறுநீர் வரும், உண்மை. ஆனால் சர்க்கரை ஏறினால் அது சிறுநீரோடு வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம் எடுக்கிறதா, கடந்த சில மாதத்தில் லுங்கி இடுப்பில் தளர்ந்ததா என்று கவனியுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்குமேல், அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5 அல்லது அதற்குமேல் இருந்தால் உறுதி. தலைவலி இல்லை என்கிறாரே, பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. 160 பிரஷரோடு தறி ஓட்டலாம், பைக் ஓட்டலாம், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறலாம்.

‘எல்லோரையும் நோயாளி ஆக்குகிறார்களா’ என்ற கேள்விக்கு வருகிறேன். கோபமில்லாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அளவுகோல்கள் மாறியதுண்டு. சர்க்கரை நோய்க்கு வெறும் வயிற்று அளவு 140-ஆக இருந்ததை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-இல் 126-ஆகக் குறைத்தது, உலக சுகாதார நிறுவனமும் பின்னர் ஏற்றது. அமெரிக்க இதய அமைப்புகள் 2017-இல் ரத்த அழுத்தத்துக்கு 130/80 என்றே கோடு போட்டன. நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் 140/90-தான். ஆனால் எந்தக் கோட்டை எங்கே வைத்தாலும் 160-ம் 232-ம் கோட்டைத் தாண்டித்தான் நிற்கின்றன. கோட்டின் மேல் நின்று வழக்காடும் நிலையில் உங்கள் வீட்டுக்காரர் இல்லை.

தெருவுக்குப் பன்னிரண்டு பேர் என்பதும் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. 2020-இல் தமிழ்நாடு முழுக்க 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் ‘ஸ்டெப்ஸ்’ என்ற கணக்கெடுப்பு நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, கேள்வி கேட்டு, உடலை அளந்து, ரத்தமும் எடுத்துப் பார்க்கிற கணக்கெடுப்பு. ரத்த அழுத்தம் 33.9 சதவீதம் பேருக்கு. சர்க்கரை 17.6 சதவீதம் பேருக்கு. மூன்றில் ஒருவர், ஆறில் ஒருவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு பதினைந்து வருடத்துக்கு முன் தமிழ்நாட்டில் 10.4 சதவீதம் என்று கண்டிருந்தது. இரண்டு ஆய்வுகளின் முறை ஒன்றல்ல, அதனால் ஒன்றை ஒன்றிலிருந்து கழித்து ‘இவ்வளவு கூடிவிட்டது’ என்று சொல்வது தப்பு. ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

தாத்தா பாட்டி காலத்தில் இல்லையா? பாதிதான் உண்மை. அப்போது யார் பிரஷர் பார்த்தார்கள்? ‘நேத்துவரைக்கும் நல்லா இருந்தார், வாய்க்காலுக்குப் போனவர் சாய்ந்துட்டார்’, ‘ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு’ என்று உங்கள் ஊரிலேயே பழைய கதைகள் இருக்கும், கேட்டுப் பாருங்கள். இன்னொரு பெரிய காரணம் வயது. குழந்தைகள் குறைந்து, ஆயுள் கூடி, தமிழ்நாட்டில் 100 பேரில் 13 பேருக்குமேல் 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்து முதியோர் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று நம்முடையது. வயதானால் வருகிற நோய்கள் கூடத்தான் செய்யும்.

மிச்சப் பாதி உண்மையாகவே கூடியிருக்கிறது. ஆணும் பெண்ணும் காட்டில் வேலை செய்து, கம்பும் சோளமும் ராகியும் தின்ற ஊர் உங்களுடையது. இன்று மூன்று வேளையும் அரிசி. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று இண்டியாப் உணவு ஆய்வு 2025-இல் சொன்னது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும், ஆண்களில் 37 சதவீதமும் எடை கூடியவர்கள் என்றது 2019-21-இன் தேசியக் குடும்ப நல ஆய்வு. இதைப் படித்துவிட்டு உடனே கேழ்வரகுக் கஞ்சிக்குத் தாவிவிடாதீர்கள். நைசாக அரைத்துக் கரைத்த கஞ்சி எந்தத் தானியமானாலும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டு சொம்பு குடித்துவிட்டு வருகிறவர்களை வெளிநோயாளிப் பிரிவில் வாரந்தோறும் பார்க்கிறேன்.

எனக்கு அதிகக் கவலை தருவது இந்த 33.9-ம் 17.6-ம் அல்ல. அதே 2020 கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரையில் 10.8 சதவீதம். அதாவது பிரஷர் உள்ள நூறு பேரில் 92 பேருக்குமேல், தெரியாமலோ, தெரிந்தும் மருந்து எடுக்காமலோ, எடுத்தும் போதாமலோ இருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதன் பின்னணி இதுதான். அதற்குப் பின் 2023-24-இல் மறுபடி எடுத்தபோது பிரஷர் கட்டுக்குள் உள்ளவர்கள் 17 சதவீதம், சர்க்கரை 16.7 சதவீதம். மூன்று நான்கு வருடத்தில் இது நல்ல ஏற்றம், மறுக்க மாட்டேன். திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேர் இன்னும் கட்டுக்கு வெளியேதான். பயனாளிகள் இத்தனை கோடி என்ற விளம்பரப் பலகையைவிட இந்த 17-ஐ ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் எழுதி வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஏன் கட்டுக்குள் வரவில்லை? கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை, உங்கள் தெருவில் அது நடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். முதல் மாதம் வந்து மாத்திரை வாங்குவார்கள். சர்க்கரை 140-க்கு இறங்கியதும் ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்துவார்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவு விட்டவர்கள் திரும்பவே மாட்டார்கள். யாரோ சொன்னார்கள் என்று வேர்ப்பொடி ஒன்றுக்கு மாறுவார்கள். அல்லது அரசு மாத்திரை பவர் இல்லை என்று தனியாரிடம் போய், மாதச் செலவு தாங்காமல் இரண்டையும் விட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் போன்றவர்களுக்கு நேரமும் ஒரு தடை. ஆஸ்பத்திரி திறந்திருக்கும் காலை நேரம் அவர் தூங்கும் நேரம். பெரிய தொழிற்சாலைகளுக்குத் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ போகிறது. பத்துத் தறி உள்ள பட்டறைக்கு யார் போவது?

அதனால்தான் உங்கள் தெருவுக்கு வந்த அந்தப் பெண் முக்கியம். மகளிர் குழுவிலிருந்து வந்தவர், வாங்குவது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. டாக்டர் ஒரு முறை பார்த்து மருந்து எழுதி, அது நிலைப்பட்டுவிட்டால், பிறகு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போவார். அவருடைய போன் நம்பரை வாங்கி வையுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

பட்டறைப் பழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம். நைட் ஷிஃப்டில் ஆறு டீ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து கிராம் சர்க்கரை, ஆறுக்கு அறுபது. விடியற்காலையில் பேக்கரியில் தேங்காய் பன் ஒன்று சேர்ந்தால் கணக்கு வேறு மாதிரி போகும். டீயை நிறுத்தச் சொல்லாதீர்கள், நடக்காது. ஆறை மூன்றாக்கி, அந்த மூன்றையும் சர்க்கரையில்லாமல் குடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்து நாள் கசக்கும். பன்னுக்குப் பதிலாக வீட்டிலிருந்து சுண்டலோ வேகவைத்த முட்டையோ கட்டிக் கொடுங்கள். பீடி இருந்தால் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது) மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் விட வேண்டும். சர்க்கரை, பிரஷர், புகை மூன்றும் சேர்ந்த இதயத்துக்கு 47 வயது சின்ன வயதல்ல.

உப்புக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வீட்டில் நாலு பேர், மாதம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் தீர்கிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராமுக்குமேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்குக் கீழ். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, பேக்கரிப் பண்டங்களில் இருப்பது இந்தக் கிலோவில் சேராது. ஒரு கிலோ பாக்கெட்டின் மேல் தேதி எழுதி வையுங்கள். அது ஒன்றரை மாதத்துக்கு மேல் வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். இந்துப்பு, கல்லுப்பு என்று மாற்றுவதால் பிரஷர் குறையாது.

நடை வேண்டும், வாரம் 150 நிமிடம். தறிக்குள் நடப்பது கணக்கில் வராதா என்று கேட்பார். நின்று நின்று நகர்வதில் மூச்சு வாங்காது, அதனால் வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும். நடையையும் சாப்பாட்டையும் மட்டும் வைத்து 232-ஐ இறக்கிக் காட்டுகிறேன் என்று மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே போகட்டும். பின்னால் அளவு இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதை டாக்டரே செய்வார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. ஷிஃப்ட் முடிந்து வருகிற காலையில், வெறும் வயிற்றில், அதற்கு முன் எட்டு மணி நேரம் டீகூடக் குடிக்காமல், நேராக ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தனியாக அனுப்பினால் பேக்கரியில் நின்றுவிடுவார். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், கொழுப்பு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வசதி இல்லாத சோதனைக்கு வட்டார அல்லது தாலுகா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். சிறுநீர்ச் சோதனையைக் கண்டிப்பாகக் கேளுங்கள். கிட்னியைப் பற்றிப் பயப்படுகிறவருக்கு ‘உன் கிட்னி இன்று எப்படி இருக்கிறது’ என்று அச்சடித்த தாளில் காட்டுவதைவிட நல்ல மருந்து இல்லை. இ.சி.ஜி. ஒன்றும் எடுத்துவிடுங்கள். மெட்ஃபார்மின் தொடங்கினால் முதல் இரண்டு வாரம் வயிறு பொருமும், சிலருக்குப் பேதியாகும். சாப்பிட்ட பிறகு போட்டால் குறையும், பிறகு பழகிவிடும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டு வாரத்தில்தான், எனவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. மறுபடி பார்க்க வேண்டும். அளவு இறங்காவிட்டால் ‘மாத்திரையை மாற்றுங்கள், கூட்டுங்கள்’ என்று நீங்களே கேளுங்கள். வருடம் ஒரு முறை விழித்திரைச் சோதனை. பட்டறையில் வெறுங்காலோடு நிற்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தி, தினமும் குளித்ததும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலி, முதுகுவலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்குவது இனி அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர் வியர்வை, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் சோடா கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே 108. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நெஞ்சு வலியென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தெருவில் எல்லோருக்கும் பார்த்தார்கள் என்றீர்கள். இவருடைய எண்களை எழுதியிருக்கிறீர்கள், பன்னிரண்டு பேர் கணக்கையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு? அதே அரிசி, அதே உப்பு, அதே வீடு உங்களுக்கும்தான். அன்று அடுப்பில் வேலை இருந்து நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால், அவரோடு போகிற அன்றைக்கே உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கும் 125-க்கும் நடுவில் இருந்தால் இன்னும் நோய் வரவில்லை, வாசலில் நிற்கிறது. இதுபோல நோயின் வாசலில் நின்றவர்களை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டுமே சர்க்கரை நோயாக மாறுவதை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் கொடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அதே இடத்தில் செய்வார்கள். பிள்ளைகள் 18 தாண்டியிருந்தால் அவர்களையும் கூட்டிப் போய் ஒரு முறை பிரஷர் பார்த்துவிடுங்கள். அப்பா வழியில் பாட்டி, இப்போது அப்பா என்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.